ஊரில் காத்திருக்கும் குடும்பம்

சுண்டைக்குறிச்சி உலகநாதன் வீட்டில் மூளை ஒன்றுதான், அதையும் சகோதரர் மூவரும் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊர் சொல்லும். ஊர் மிகைப்படுத்துகிறது. ஒன்றெல்லாம் கிடையாது.

அவர்களின் ஒரே தங்கை அபிராமி. அவள் கணவன் செழியனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலை. மனைவியைக் கூடவே வைத்துக்கொள்ளும் அனுமதி அவன் சம்பளத்துக்குக் கிடைக்காது. ஆகவே அவள் சுற்றுலாப் பயணியாகப் போவதும் வருவதுமாக இருந்தாள். நான்காம் முறை போனபோது குடிநுழைவு அதிகாரி கடவுச்சீட்டைப் புரட்டிவிட்டு முகம் சுளித்தார்.

“இங்கேயே தங்கிவிடுவீர்களோ என்று சந்தேகம் வருகிறது, அம்மா. அடுத்த முறை, ஊரில் உங்களுக்காகக் குடும்பம் காத்திருக்கிறது என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவோம்.”

ஊர் திரும்பிய அபிராமிக்குச் சோறு இறங்கவில்லை. இனிமேல் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாதோ என்று விம்மினாள். அண்ணன்மார் கூடி ஆராய்ந்தனர்.

“ஆதாரம்னா என்னடா?” என்றார் மூத்தவர் உலகநாதன்.

“கண்ணால பாக்குறதுதாண்ணே ஆதாரம். காகிதத்துல யாரு வேணாலும் எதையும் எழுதலாம்,” என்றார் இரண்டாமவர் சேதுராயன்.

“அப்ப குடும்பத்தையே கொண்டுபோய்க் காட்டிருவோம்,” என்றார் இளையவர் குமரவேள்.

இத்தகைய அண்ணன்மார் வாய்க்க எத்தனை பிறவி தவம் செய்தோமோ என்று அபிராமி கண்கலங்கினாள். தவம் செய்தவர்களுக்கு இப்படி வாய்ப்பதில்லை.

குடும்பத்தில் ஒருத்தியாக வளர்ந்த பசுவை விமானத்தில் ஏற்ற முடியாது என்று தெரிந்ததும் அதை அடுத்த வீட்டில் கட்டிவிட்டு, அதன் படத்துக்குச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலையும் சாத்தி எடுத்துக்கொண்டார்கள். வீட்டைப் பூட்டினார்கள். நால்வரும் புறப்பட்டார்கள்.

அதே அதிகாரி.

“இவர்கள் யார்?”

“ஊர்ல காத்திருக்கிற குடும்பம், சார்,” என்றாள் அபிராமி.

அவர் மாலையிட்ட படத்தைப் பார்த்தார். “இது இறந்துவிட்டதா?”

“வாயைக் கழுவுங்க, சார்! அதுவும் காத்துக்கிட்டுத்தான் இருக்கு,” என்று சீறினார் சேதுராயன்.

“எல்லோரும் இங்கே வந்துவிட்டால், ஊரில் காத்திருப்பது யார்?”

“யாருமில்லை, சார். சந்தேகம்னா இந்தாங்க, வீட்டுச் சாவி,” என்றார் உலகநாதன், பெருமையோடு.

இவர்கள் கூடிச் சதி செய்வார்கள் என்று சந்தேகிப்பது தம் பதவிக்கே இழுக்கு என்று அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். முப்பது நாள் முத்திரையைக் குத்தினார். “கட்டாயம் திரும்பிப் போய்விட வேண்டும்.”

கண்ணாடிக்கு அப்பால் செழியன் கையசைத்தான். அபிராமி இரண்டு எட்டு வைத்தாள். உலகநாதன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எங்க தாயி போறே? திரும்பிப் போகணும்னு சார் சொன்னாருல்ல?”

“முப்பது நாள் இருக்கேண்ணே.”

“அந்த முப்பது நாளும் அந்த மனுசன் சந்தேகப்பட்டே சாகணுமா? இப்பவே போயிட்டா, போவோம்கிறது நிரூபணம் ஆயிரும்ல?”

அபிராமி யோசித்தாள். அதே வயிற்றில் பிறந்தவள் ஆயிற்றே, நியாயம் சட்டென்று விளங்கிவிட்டது.

ஊர் திரும்பும் விமானத்தில் அமர்ந்து இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, வருகைக் கூடத்தில் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்த கணவனைக் கைபேசியில் அழைத்தாள்.

“இனிமே கவலையே இல்லைங்க. என்னை யாராலயும் திருப்பி அனுப்ப முடியாது. நானே திரும்பிட்டேன்.”