ரோஸ்கோ கேட்க விரும்பிய ஹாஃப் டைம்

ஜார்ஜியாவின் செம்மண் பக்கத்தில் ஒரு கல்லூரி இருக்கிறது. அடிமை வாழ்வு ஒழிந்த கையோடு, வேறெங்கும் சேர்த்துக்கொள்ளப்படாத தங்கள் பிள்ளைகளுக்காகக் கறுப்பின மக்கள் கட்டி எழுப்பிய கல்லூரி. சனிக்கிழமைகளில் அங்கே ஃபுட்பால் ஆட்டம் நடக்கும். ஆனால் ஆட்டம் பார்க்க வந்தேன் என்று அந்த ஊரில் யாரும் மனதறிந்து சொல்ல மாட்டார்கள்.

மற்ற ஊர்களில் இடைவேளை விட்டதும் கூட்டம் தின்பண்டம் வாங்க ஓடும். இங்கே ஆட்டம் மும்முரமாக நடக்கும்போதே வறுத்த மீனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, இடைவேளைக்குள் அடித்துப் பிடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஹாஃப் டைமில்தான் கல்லூரியின் பேண்டு மைதானத்துக்குள் வரும். அது வந்து போனதும் பாதி ஊர் வீட்டுக்குக் கிளம்பிவிடும். யார் ஜெயித்தார்கள் என்பதை மறுநாள் சர்ச்சில் விசாரித்துக்கொண்டால் போயிற்று.

ரோஸ்கோ டில்லார்டு அந்த பேண்டில் சூசஃபோன் ஊதியவர். மலைப்பாம்பு போல உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே வாயைத் திறக்கும் பெரிய பித்தளைக் குழல் அது. படிப்பு முடிந்ததும் குழலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்லாண்டாவில் நகரப் பேருந்து ஓட்டப் போனார். குழல்தான் போயிற்று. அந்த ஹாஃப் டைம் கூடவே வந்தது.

அது அவருடைய கடைசி வருட ஹோம்கமிங். படித்துப் போனவர்கள் எல்லாம் திரும்பி வந்து ஒன்றுகூடும் நாள். அக்டோபர் மாதத்து மஞ்சள் வெயில். தெற்கு வாசல் வழியாக, ஒவ்வொரு அடிக்கும் முழங்காலை இடுப்பு உயரத்துக்குத் தூக்கியபடி, பேண்டு வாசிக்காமல் நுழைந்தது. வெள்ளைக் காலணிகள் புல்லில் படும் சத்தம் மட்டும். ஸ்டாண்டு முழுக்க வாயடைத்துப் போனது. கோல் பிடித்து அணியை நடத்தும் டிரம் மேஜர், தொப்பியின் இறகு தரையைத் தொடும்வரை முதுகைப் பின்னால் வளைத்தான். அப்படியே ஒரு கணம் நின்றான். அவன் நிமிர்ந்ததும் பித்தளை அத்தனையும் ஒன்றாக மேலே எழுந்தது, வெயில் அதில் ஏறிக்கொண்டது. பிறகு ஒரு பழைய தேவாலயப் பாட்டை, காதலியிடம் பாடுவது போல மெதுவாக வாசித்தார்கள்.

இதை ரோஸ்கோ சிக்னலில் நிற்கும்போதெல்லாம் நினைப்பார். பச்சை விழுந்தது தெரியாமல் பின்னாலிருந்து ஹாரன் வாங்கிக் கட்டிக்கொள்வார். முடிவெட்டும் கடையில் சொல்வார். சொல்லச் சொல்ல அந்த மாலை வளர்ந்தது. அன்று அழாத ஆளே இல்லை என்பார். சில வருடம் கழித்து, எதிரணி பேண்டும் அழுதது என்பார்.

"கல்யாண நாளைக் கேட்டா முழிப்பாரு. அந்த ஹாஃப் டைமைக் கேட்டுப் பாருங்க, போட்டிருந்த சாக்ஸ் வரைக்கும் சொல்வாரு" என்பாள் அவர் மனைவி லுவெல்லா.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் காது மங்கத் தொடங்கியது. முதலில் பறவைகள் போயின. அப்புறம் மழை. லுவெல்லா கத்திப் பேசப் பழகிக்கொண்டாள், கத்திப் பேசுவதில் கேலிக்கு இடமில்லாமல் போனது. இரண்டு காதிலும் மெஷின் வைத்தார்கள். அடுத்த வசந்தத்துக்குள் அதனாலும் பயன் இருக்காது என்று டாக்டர் பக்குவமாகச் சொல்லிவிட்டார்.

ரோஸ்கோ அன்று இரவு உணவைத் தொடவில்லை. மறுநாள் காரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனார்.

அப்போது பேண்டுக்கு டைரக்டராக இருந்தவர் வெனிட்டா ஹார்ப்பர். ரோஸ்கோவுக்கு மகள் வயது. பேச்சு குறைவு. ஹோம்கமிங்குக்கு வாசிக்க வரும் பழைய மாணவர்கள் நீதிபதியாக இருந்தாலும் பிஷப்பாக இருந்தாலும், தன் வரிசையில் நின்றால் தன் மாணவர் என்பது அவர் சட்டம். பிஷப் ஒருவரை ஷூவுக்கு பாலிஷ் போட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார் என்று ஒரு பேச்சு உண்டு.

ரோஸ்கோ தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றார்.

"என்ன வேணும், மிஸ்டர் டில்லார்டு?"

"என்னோட கடைசி வருஷ ஹாஃப் டைம், மேம். பிள்ளைங்களை அதை ஒரு தடவை வாசிக்கச் சொல்லணும்."

"எதுக்கு?"

"காது போயிட்டிருக்கு. முழுசா போறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுட்டா போதும். அப்புறம் எது போனாலும் பரவாயில்ல."

ஹார்ப்பர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"எங்க உக்காந்து கேப்பீங்க?"

"நடு ஸ்டாண்டுல, உசரமா. சத்தமெல்லாம் ஒண்ணு சேர்ற இடத்துல."

"சரி" என்றார் ஹார்ப்பர்.

பழைய இசைத்தாள்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். ஹோம்கமிங்குக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை. ரோஸ்கோ கல்யாணத்துக்குப் போகிறவர் போல கோட்டும் டையும் கட்டிக்கொண்டு, காலி ஸ்டாண்டின் நட்ட நடுவில் போய் உட்கார்ந்தார். மெஷினின் சத்தத்தை முழுக்க ஏற்றி வைத்தார்.

வெள்ளைக் காலணிகள் வந்தன. டிரம் மேஜர் வளைந்தான், நிமிர்ந்தான். பித்தளை எழுந்தது. அந்தப் பாட்டு வந்தது. ஒரு இடத்திலும் பிசிறு இல்லை. மேற்கே வெயில்கூட அன்று போலவே இறங்கிக்கொண்டிருந்தது.

முடிந்தது. ரோஸ்கோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹார்ப்பர் படியேறி வந்தார்.

"வந்துச்சா?"

"பிள்ளைங்க அருமையா வாசிச்சாங்க, மேம்."

"அதை நான் கேக்கல."

ரோஸ்கோ தலையைக் குனிந்துகொண்டார். "வரல."

"எது குறைஞ்சுது?"

"ஒண்ணும் குறையல. எல்லாம் அப்படியேதான் இருக்கு. அது மட்டும் இல்ல." அவர் காதைத் தொட்டுக் காட்டினார். "காது கெட்டுப்போச்சு, மேம். அதான். நான் ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். லேட்டாயிடுச்சு."

இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த ஒன்று, எடுத்துப் பார்க்கும்போது கையில் இல்லை. அந்த வருத்தத்தை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ஹார்ப்பர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு நீங்க எங்க நின்னீங்க?"

"கடைசி வரிசை. அதோ, அந்தச் சுண்ணாம்புக் கோட்டுப் பக்கம். எனக்கு இடது பக்கத்துல வெண்டெல். அவன் இப்ப இல்ல."

"வாங்க."

"நான் ஊதறதுக்கு வரல, மேம். கேக்கத்தான் வந்தேன்."

"வாங்க, மிஸ்டர் டில்லார்டு."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள். சூசஃபோனைத் தலைவழியாக மாட்டித் தோளில் இறக்கினார்கள். அந்தக் கனத்தைத் தோள் உடனே அடையாளம் கண்டுகொண்டது. இடது பக்கத்தில் கியானா என்ற பெண், அந்த வரிசைக்குத் தலைவி. அவருக்கு ஒரு புன்னகை கொடுத்துவிட்டு நேராகப் பார்த்தாள்.

விசில் ஒலித்தது. நடந்தார்கள்.

ரோஸ்கோ ஊதிக்கொண்டே ஒவ்வொரு சத்தத்தையும் பொறுக்கினார். அதோ ட்ரம்பெட். அதோ கிளாரினெட். அந்தக் கோடியில் ஜால்ரா. எதையும் விட மனமில்லை. பசித்த ஆள் சோற்றுத் தட்டை வழிப்பது போல வழித்தார்.

விசில் நீளமாக ஒலித்தது. எல்லோரும் நின்றார்கள். கடைசி வரிசை நடுவில் கோணிக்கொண்டிருந்தது.

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி கோணியது.

கியானா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சார், தப்பா நினைக்காதீங்க. நீங்க ட்ரம்பெட்டைக் கேட்டு அடி வைக்கிறீங்க. அது அந்தக் கோடியில இருக்கு. சத்தம் இங்க வந்து சேர்றதுக்குள்ள உங்க கால் பின்தங்கிடுது. கூட நாங்களும் பின்தங்குறோம்."

ரோஸ்கோவுக்கு முகம் சுட்டது. தான் கடைசி வருடம் படித்தபோது, முதல் வருடத்துப் பிள்ளைகளுக்கு இதே புல்லில் நின்று இதையே தொண்டை கிழியக் கத்தியவர் அவர். மைதானம் பெரியது, சத்தம் மெதுவாகத்தான் வரும், டிரம் மேஜரின் கையை மட்டும் பார், காது சொல்வதைக் கேட்டால் வரிசை கெடும் என்று நாள் தவறாமல் சொன்னவர். எப்படி மறந்து தொலைத்தார்?

ஹார்ப்பர் வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தார். எதிரில் நின்று உள்ளங்கையை நீட்டினார்.

"கழட்டிக் கொடுங்க."

"எதை, மேம்?"

"காதுல இருக்கறதை."

"இதைக் கழட்டினா எனக்கு ஒண்ணுமே கேக்காது."

"தெரியும்."

"இந்தச் சத்தமெல்லாம் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் மேம் எனக்கு. அதையும் எதுக்கு..."

"கொடுங்க."

ரோஸ்கோவுக்குக் கோபம் வந்தது. இந்தப் பெண்ணுக்கு ஈவு இரக்கம் என்று எதுவும் கிடையாதா? பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இரண்டு என்று மெஷின்களைக் கழற்றி அவர் கையில் வைத்தார். ஹார்ப்பர் விரல்களை மூடிக்கொண்டார்.

உலகம் அப்படியே அடங்கியது. மரத்தில் இலை அசைந்தது, சத்தமில்லை. ஹார்ப்பரின் கன்னம் உப்பியது, விசில் கேட்கவில்லை. தூரத்தில் டிரம் மேஜரின் வெள்ளைக் கையுறை மேலே போய்க் கீழே இறங்கியது.

ரோஸ்கோ அந்தக் கையைப் பார்த்து அடி வைத்தார்.

முதலில் பயமாகத்தான் இருந்தது. கிணற்றுக்குள் நடப்பது போல இருந்தது. பிறகு அவர் ஊதிய சுரம் தோள் எலும்பில் நடுங்கியது. பெரிய டிரம்மின் அடி முதுகில் வந்து இடித்து, நெஞ்சுக் கூட்டுக்குள் புகுந்து நின்றது. கியானாவின் முழங்கை அவர் முழங்கையை உரசியது, விலகியது, திரும்ப உரசியது. வெண்டெலும் அப்படித்தான் உரசுவான். புல்லின் ஈரம் காலணி வழியாக ஏறியது. மூக்கில் பித்தளைப் பாலிஷின் வாசனை. வரிசை ஒரே உடம்பாகத் திரும்பியபோது அவரும் திரும்பினார், யாரும் சொல்லாமலே. வெள்ளைக் கை மேலே போனது. பித்தளை எல்லாம் எழுந்தது. அவர் குழல் வாய் வழியாக ஆகாயம் தெரிந்தது, மஞ்சளாக.

எந்த வருடம் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. வெண்டெல் இடது பக்கம் இருந்தான். ஸ்டாண்டு நிறைந்திருந்தது. லுவெல்லா எங்கோ ஒரு நீல உடையில் உட்கார்ந்திருந்தாள், அவளை அவர் இன்னும் சந்திக்கவில்லை. பாட்டு நடந்துகொண்டிருந்தது. அது எங்கே இருந்து வருகிறது என்று அவர் தேடவில்லை. கால்கள் தரையைத் தொட்டதாகவே அவருக்கு நினைவில்லை.

கை கீழே இறங்கி நின்றது. வரிசை நின்றது. நூல் பிடித்தாற்போல இருந்தது.

பிள்ளைகள் கைதட்டுவது தெரிந்தது. கியானா ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது. ரோஸ்கோ குழலைத் தோளிலிருந்து இறக்காமல் அப்படியே நின்று அழுதார். துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு ஹார்ப்பர் வந்து மெஷின்களைத் திருப்பிக் கொடுத்தார். ரோஸ்கோ அவற்றைக் காதில் வைத்தார். சாலையில் ஒரு லாரி போகும் சத்தம் வந்தது.

"இதான் மேம்" என்றார். "இதேதான் அன்னிக்கு."

ஹார்ப்பர் தலையசைத்தார்.

"அப்ப அன்னிக்கு நான் எதையுமே கேக்கலையா?"

"அன்னிக்கு நான் பொறக்கல" என்றார் ஹார்ப்பர்.

ரோஸ்கோ சிரித்தார். வெயில் ஸ்டாண்டின் மேல் படிகளுக்குப் போய்விட்டது. அதைப் பார்த்ததும் அவருக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அடுத்த வருஷம் இந்த நேரத்துக்குச் சுத்தமா போயிருக்கும், மேம். பக்கத்துல இடி இடிச்சாலும் தெரியாது. அப்ப ஹோம்கமிங்குக்கு வந்து நான் என்ன பண்ணப்போறேன்?"

ஹார்ப்பர் அவருடைய கால்களைக் குனிந்து பார்த்தார்.

"முழங்கால் இடுப்பு உசரத்துக்கு வரல" என்றார். "அதைச் சரி பண்ணிட்டு வாங்க."