‘ம்’ கொட்டிய சபை

காரைவள நாடு என்றொரு நாடு இருந்த காலத்தில், அதை இளஞ்சேந்தன் என்ற ராசா ஆண்டுவந்தான். சிரிக்க வைத்தவனுக்கு ஊரையே எழுதிக்கொடுப்பான். கொட்டாவி வரவழைத்தவனை ஊரைவிட்டே துரத்துவான். வழக்கு கேட்கும் நீதிபதி ஒவ்வொரு பேச்சுக்கும் ‘ம்’ கொட்ட வேண்டும், அதுதான் காதில் வாங்கியதற்கு அடையாளம் என்று சட்டம் போட்டவனும் அவன்தான். நீதிபதி பூதலிங்கர் அதில் கைதேர்ந்தவர். தூக்கத்திலும் தவறாமல் கொட்டுவார். மந்திரி அம்பலவாணரின் பெயரைக் கேட்டால் மட்டும் வயிறு எரிந்து விழித்துக்கொள்வார்.

ஒருநாள் சடைச்சி என்பவள் மந்திரி வீட்டு வாசலில் வந்து அழுதாள். அவள் புருஷன் இருளப்பன் பனையேறி. அரண்மனைக் குதிரையின் வெள்ளிக் கடிவாளத்தைத் திருடினான் என்று, நாளை மறுநாள் உச்சிப்பொழுதில் அவன் வலது கையை வெட்டத் தீர்ப்பாகியிருந்தது.

“திருட்டு நடந்தன்னிக்கு அவரு கால் பெசகி வைத்தியர் வீட்டுல கெடந்தாரு சாமி. மூணு நாளா அதைத்தான் சொன்னேன். நீதிபதி ஐயா ‘ம்’ கொட்டிக்கிட்டே இருந்தாரு.”

பூதலிங்கரை மடக்க வழி கிடைத்ததென்று மந்திரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. “நாளைக்குச் சபைக்கு வா. நான் சொல்லித்தருவதை மட்டும் சொல்லு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

மறுநாள் உச்சிவேளை நெருங்குகையில், சபை வாசலில் சடைச்சி மூச்சிரைக்க ஓடிவந்து மந்திரியிடம் ஏதோ சொன்னாள். அவரோ ராசா எந்த இடத்தில் சிரிப்பான் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். “ம், வா” என்று உள்ளே அழைத்துப் போனார்.

“இந்த வழக்கை இன்னொரு தரம் கேட்க வேண்டும், மகாராசா.”

“கேளுங்கள், பொழுது போகட்டும்” என்றான் ராசா. பூதலிங்கர் கண்ணை மூடிக்கொண்டார்.

“கடிவாளம் காணாமப் போச்சுங்க.”

“ம்.”

“என் புருஷன் எடுக்கலீங்க.”

“ம்.”

“எடுத்தது நீதிபதி ஐயாதானுங்க.”

“ம்.”

“அவரு கையத்தான் வெட்டணுமுங்க.”

“ம்.”

ராசா வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடி சொல்லும்படி சைகை காட்டினான். அவள் சொன்னாள். அதற்கும் ‘ம்’ வந்தது. மூன்றாம் தரமும் சொல்ல வைத்தான். பிறகுதான் சிரிப்பு வெடித்தது. திடுக்கிட்டு விழித்த பூதலிங்கரின் தலைப்பாகையைக் கழற்றி மந்திரிக்குச் சூட்டினார்கள்.

“இருளப்பனை விடுவித்தோம்” என்றான் ராசா.

அப்போது வெளியே முரசு அதிர்ந்தது.

“இதென்ன முரசு?”

“இருளப்பன் கையை வெட்டியாயிற்று, மகாராசா” என்றான் காவலன். “நாளை அமாவாசை. அதனால் தண்டனையை இன்றைக்கே மாற்றினார்கள்.”

மந்திரி சடைச்சியிடம் திரும்பினார். “என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா?”

“வாசல்லயே சொன்னேனே சாமி. நீங்க ‘ம்’னீங்க. உங்களுக்குத்தான் தெரியுமேன்னு, நீங்க சொல்லிக்குடுத்ததையே சொல்லிக்கிட்டு நின்னேன்.”

புருஷனைக் கூட்டிவர அவள் கிளம்பினாள்.