யா வெங்கோ

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கடற்கரை ஊர் ஒன்றில், கன்னியர் மடத்துக்குச் சமைக்கும் எஸ்தாக்கியம்மாள் சொல்லக் கேட்டது. அவர் காதில் விழுந்தது பாதி. மீதி, லூர்தப்பனே பின்னால் அவரிடம் சொன்னது.

லூர்தப்பன் கொரைரா, ஒரு சரக்குக் கப்பலில் சமையல்காரர். கரைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு மத்தியானம் மடத்துக்கு வந்து, சிஸ்டர் பெனடிக்டாவைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். சிஸ்டர், ஸ்பானிஷ் பேசும் ஈக்வடாரில் ஒரு மலையூரில் சில வருடம் ஊழியம் செய்து திரும்பியவர். லூர்தப்பனைவிட வயதில் இளையவர். ஆனாலும் நாற்காலியைக் காட்டியபோது லூர்தப்பன் உட்காரவில்லை.

"எனக்கு ஸ்பானிஷ் படிக்கணும், சிஸ்டர்."

"எவ்வளவு படிக்கணும், அண்ணாச்சி?"

"ரெண்டே ரெண்டு வார்த்தை."

அவர் நின்றபடியே சொன்னது இது. கப்பலில் வில்மர் என்று ஒருவன் இருந்தான். ஈக்வடார்க்காரன், டெக்கில் வேலை. ஓய்வு கிடைத்தால் சமையலறைக்கு வந்து டீ குடிப்பான். எழுந்து போகும்போதெல்லாம் "யா வெங்கோ" என்பான். டீக்கு நன்றி சொல்கிறான் என்று நினைத்து, லூர்தப்பனும் "சரிப்பா" என்பார். காற்று பலத்த ஒரு சாயங்காலம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு, அதையே சொல்லிப் போனான். அலை அவனை டெக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை.

"எங்க போறேன்னு கேட்டிருந்தா தடுத்திருப்பேன், சிஸ்டர். நம்ம ஊர்ல கடலுக்குப் போறவனை அப்படிக் கேக்கமாட்டோம்லா. அந்தப் பழக்கம். கேக்கலை."

வில்மரின் அம்மா இப்போது ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். நடுவில் மொழிபெயர்க்கும் செயலி பேசும். போன ஞாயிறு அவள் கேட்டது ஒன்றுதான்: என் மகன் கடைசியாக என்ன சொன்னான்? அடுத்த வாரம் சொல்கிறேன் என்று லூர்தப்பன் வைத்துவிட்டார். அதை மெஷின் வாயால் சொல்லக்கூடாது, தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சொல்வதற்கு முன், தான் என்ன சொல்கிறோம் என்று தெரியவும் வேண்டும்.

"இதோ வந்துடுறேன்," என்றார் சிஸ்டர். "அதுதான் அர்த்தம். கடைக்குப் போறவங்க, அடுத்த வீட்டுக்குப் போறவங்க, எல்லாரும் சொல்றது."

லூர்தப்பன் அப்போதுதான் உட்கார்ந்தார்.

பிறகு, வேறு வார்த்தை சொல்லித் தரும்படி கேட்டார். ஒரேயடியாகப் போகிறவன் அந்த ஊரில் என்ன சொல்லிவிட்டுப் போவானோ, அந்த வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் அந்தத் தாய் இறந்தவனுக்குப் பூசை வைத்து, அழுது, ஒரு முடிவுக்கு வருவாள். இதைச் சொன்னால் வாசலைப் பார்த்தபடியே செத்துப்போவாள் என்றார்.

"முதல்ல எதைக் கேட்டு வந்தீங்களோ, அதை முதல்ல படிங்க," என்றார் சிஸ்டர்.

தினமும் வரச் சொன்னார். பாடம் என்று ஒன்றும் இல்லை. கிணற்றடிக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவரச் சொல்வார். வாசற்கதவைச் சாத்திவிட்டு வரச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எழும்போது அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'வெங்கோ' சொல்லும்போது 'வ'வும் இல்லாமல் 'ப'வும் இல்லாமல் உதடு நடுவில் நிற்க வேண்டும். லூர்தப்பனுக்கு நிற்கவில்லை. கொரைரான்னு பறங்கிப் பேரைச் சுமந்துக்கிட்டுத் திரியுதீரு, நாக்கு மட்டும் இந்த ஊர்தானாக்கும் என்று எஸ்தாக்கியம்மாள் அடுப்படியிலிருந்து கேலி செய்தார். லூர்தப்பன் சிரிக்கப் பார்த்தார்.

சொல்வதுகூடப் பழகிவிட்டது. திரும்பி வருவதுதான் முடியவில்லை. தண்ணீர்ச் செம்போடு வாசலில் வந்து நிற்பார். உள்ளே காலெடுத்து வைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது, பிறன் பங்கைத் தின்றவனைப் போல.

சனிக்கிழமை வந்ததும் மறுபடி கேட்டார். "அந்த இன்னொரு வார்த்தையைச் சொல்லிக் குடுத்துருங்க, சிஸ்டர். நாளைக்கு ஞாயிறு."

சிஸ்டர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "யா வெங்கோ," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

லூர்தப்பன் இருந்தார். எஸ்தாக்கியம்மாள் கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டியது. கோவிலில் மணி அடித்தது. சிஸ்டர்மார் செபத்துக்குப் போனார்கள், வந்தார்கள். பெனடிக்டாவைக் காணோம். ஒரு தடவை எழுந்து ஜன்னல்வரை போனார். மேசையைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். இன்னைக்கு இனிமே வரமாட்டாங்க, வீட்டைப் பார்த்துப் போங்க என்று எஸ்தாக்கியம்மாள் சொன்னார். அவர் அசையவில்லை.

விளக்குப் போட்ட பிறகு சிஸ்டர் வந்தார்.

"ஏன் போகலை?"

"வந்துடுறேன்னு சொன்னீங்களே."

"சொல்லாம போயிருந்தா?"

லூர்தப்பன் மேசையைப் பார்த்தார். "கண்ணாடி இங்கன இருக்கே, சிஸ்டர். அப்பவும் இருந்திருப்பேன்."

சிஸ்டர் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு நான் என்னத்தைச் சொல்லட்டும்? இதைச் சொன்னா அந்த அம்மா காத்துக்கிட்டே கெடப்பாங்களே."

"நீங்க எதைச் சொன்னாலும் அந்த வீட்டு வாசல்ல அவன் செருப்பு கெடக்கும்லா, அண்ணாச்சி."

லூர்தப்பன் அதைக் கேட்டு எழுந்தார். வாசலில் அந்த இரண்டு வார்த்தையையும் சொல்லாமல் போனார்.

பின்னால் நான் லூர்தப்பனைத் தேடிப் போய் விசாரித்தேன். மறுநாள் அந்தத் தாயிடம் உள்ளதை உள்ளபடி சொன்னது உண்மை. அவள் இன்றுவரை பூசை வைக்கவில்லை என்பதும் உண்மை. ஞாயிறுதோறும் இப்போதும் பேசுகிறார்கள். பேசி முடித்து போனை வைக்கும்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்வதில்லையாம். யாராவது ஒருவர் வைக்கும்வரை, இரண்டு பேரும் சும்மா இருப்பார்களாம்.