தெய்வநாயகம் எழுதிய ஒரே வரி

பெண் மேஸ்திரி என்றால் எங்கள் பக்கம் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அமலோற்பவம் பூசிய சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். அதோடு சிரிப்பு நின்றுவிடும்.

சித்தாளாகச் செங்கல் சுமக்க வந்தவர். பார்த்துப் பார்த்தே கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டார். இப்போது அவருக்குக் கீழே பதினோரு பேர். அதில் ஒருவர் மருதையன். மேஸ்திரியம்மாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், முப்பது வருஷக் கொத்தனார். பூச்சில் ஏதோ ஒன்று தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்று ஐம்பத்து நாலு வயதில் அவரிடம் வந்து சேர்ந்தார். பொம்பளைகிட்டப் பாடம் படிக்கப் போறியாக்கும் என்று டீக்கடையில் கேலி செய்தார்கள். ஆமாம், நீங்களும் வந்தால் உங்கள் சுவரும் நேராக நிற்கும் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றிலிருந்து மேஸ்திரியம்மாவை யாராவது ஒரு சொல் குறைவாகச் சொன்னால் மருதையனுக்குத்தான் முதலில் கோபம் வரும்.

அமலோற்பவம் அதுவரை பிறத்தியாருக்குத்தான் கட்டிக்கொடுத்தார். அந்த வருஷம் சொந்தமாக ஒரு மனையில் தானே வீடு கட்டி விற்க இறங்கினார். முதல் வீடு. பெயர்ப்பலகை எதுவும் இல்லை, இருந்தும் அந்த மனைப்பிரிவில் எல்லாரும் அதை அமலோற்பவம் வீடு என்றே சொன்னார்கள். நல்லபடியாகக் கைமாறினால் அடுத்தடுத்து வேலை வரும். பழுது என்று ஒரு பேச்சு கிளம்பினால் போச்சு. ஆம்பளை கட்டின வீடு ஒழுகினால் மழையைத் திட்டுவார்கள். பொம்பளை கட்டினது ஒழுகினால் கட்டினவளைத் திட்டுவார்கள்.

வாங்க வந்தவர் தபால் ஆபீஸ் குமுதவல்லி. பேச்சு முடிந்து, வியாழக்கிழமை பத்திரப்பதிவு என்று நாளும் குறித்தாயிற்று. அதற்குப் பத்து நாள் முன்னால் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். பதிவுக்கு முன்னால் வெளியாள் ஒருவரை வைத்து வீட்டைப் பார்த்துவிடலாமா, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், குடி வந்த பிறகு ஏதாவது என்றால் அவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்றார்.

மேஸ்திரியம்மா சரி என்றார். மருதையனுக்குச் சுருக்கென்று தைத்தது. குமுதவல்லி தெரு முனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்தார்.

"மேஸ்திரியம்மா, நம்ம வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அமலோற்பவம் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். 

மருதையன் விடவில்லை. ஒரு ஆம்பளை கட்டியிருந்தால் அந்தம்மா இப்படிக் கேட்டிருப்பாரா என்றார். சரி, கேட்டதுதான் கேட்டார், தனக்குத் தெரிந்த இஞ்சினியர் ஒருவர் இருக்கிறார், தங்கமான மனுஷன், வந்து காபி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுப் போய்விடுவார், அவர் பெயரைச் சொல்லிவிடலாம் என்றார்.

"நாம சொல்ற ஆளு வேண்டாம்ண்ணே. அவங்க தேடிக் கூட்டிட்டு வரட்டும்."

குமுதவல்லி கூட்டி வந்த ஆளைப் பார்த்ததும், இவரா என்று முனகினார் மருதையன். தெய்வநாயகம். அரசு இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் குறை சொல்வார், சொல்லக் குறை இல்லாவிட்டால் வாயையே திறக்கமாட்டார். அவர் நல்லாயிருக்கு என்று சொல்லி ஊரில் எந்த மேஸ்திரியும் கேட்டதில்லை. அது போகட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் அமலோற்பவம் முதன்முதலாகப் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மொத்தத்தையும் கொத்திப் போடச் சொன்னவர் இவர்தான். ஆட்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அமலோற்பவம் தன் கையாலேயே கொத்தினார். கட்டட வேலைக்காரர்களில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை.

மேஸ்திரியம்மா சாவிக்கொத்தைக் குமுதவல்லியிடம் கொடுத்தார். தான் உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் போய் நின்றுகொண்டார்.

மருதையன்தான் தெய்வநாயகத்தின் பின்னாலேயே போனார். அவர் குனிந்தால் இவரும் குனிந்தார். தெய்வநாயகம் ஒரு மூங்கில் குச்சியால் தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். சுவரோரம் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். கதவுகளை இருபது தடவை திறந்து மூடினார். குளியலறையில் தண்ணீரை நிரப்பிவைத்து, கீழே சுவரில் ஈரம் தெரிகிறதா என்று தடவினார். மொட்டைமாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் குழாய்களை அடைத்துத் தண்ணீர் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள் வந்து அடைப்பைப் பிடுங்கச் சொன்னார். தண்ணீர் சலசலவென்று வாட்டம் பார்த்து, சரிவுப் பக்கமாக ஓடியது. எல்லாம் வடிந்த பிறகும் வடமேற்கு மூலையில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் நின்றது. தெய்வநாயகம் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலை வைத்து ஆழம் பார்த்தார். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள் என்றார்.

அமலோற்பவம் படியேறி வந்தார். குமுதவல்லி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதுக்குக் கீழதானே அம்மா கட்டில் போடப்போறேன்" என்றார் குமுதவல்லி, யாரிடம் என்றில்லாமல்.

"இந்த மூலை ஓடு யார் போட்டது?" என்று கேட்டார் தெய்வநாயகம்.

மருதையனுக்கு அது நன்றாகத் தெரியும். ஓடு பதித்த கடைசி நாள், மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. மீதி மாடி முழுக்கக் குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்துத்தான் போட்டார்கள். அந்த மூலைக்கு மட்டும் குழாயை எடுக்கவா என்று அவர் கேட்டபோது, எனக்குக் கண்ணே போதும்ண்ணே என்று மேஸ்திரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அன்றைக்கு மருதையனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

"நான் போட்டதுங்க" என்றார் மருதையன்.

"இல்ல சார்" என்றார் அமலோற்பவம். "அது என் கை. மட்டம் பிடிக்காமக் கண்ணால போட்டேன்."

தெய்வநாயகம் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு தாளை எடுத்து முழங்கால் மேல் வைத்து, ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். மொட்டைமாடி வடமேற்கு மூலையில் தண்ணீர் தேங்குகிறது, வாட்டம் சரியில்லை. அவ்வளவுதான்.

வியாழக்கிழமைப் பதிவு நின்றுபோனது. மேஸ்திரியம்மாவே உளியை எடுத்து மூலையைக் கொத்தினார். அடுத்த வீட்டுக்காரர்கள் மாடியில் நின்று பார்த்தார்கள். மருதையன் உளியைக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. குழாய் மட்டம் பிடித்து, வாட்டம் கொடுத்து, மறுபடி ஓடு பதித்தார். அதற்குள் டீக்கடையில், அமலோற்பவம் வீடு ஒழுகுதாமே என்று ஆரம்பித்துவிட்டார்கள். குமுதவல்லி வேறு வீடு பார்க்கிறார் என்றும் ஒருத்தர் சேர்த்துவிட்டார். அந்த ஒரு வாரம் மருதையன் டீக்கடைப் பக்கம் போகவில்லை. மேஸ்திரியம்மா எப்போதும்போல் போய் டீ குடித்துவிட்டு வந்தார்.

தெய்வநாயகம் மறுபடி வந்தார். தண்ணீர் கட்டினார், இரண்டு நாள் கழித்துத் திறந்துவிட்டார். மூலையில் ஈரம் மட்டும்தான் இருந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் வெயிலில் காய்ந்தது. இன்னொரு தாளில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை பத்திரம் பதிவானது. குமுதவல்லி வேறு எந்த வீட்டையும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தவர், மேஸ்திரியம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். புதுமனை புகுவிழாவில் முதல் மரியாதை உங்களுக்குத்தான், புடவை என்ன கலர் என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். அவர் போன பிறகு, பதிவு ஆபீஸ் வாசலில் அமலோற்பவமும் மருதையனும் மட்டும் நின்றார்கள்.

மருதையனுக்கு இப்போது தலை நிமிர்ந்திருந்தது. குறை இல்லை என்று தெய்வநாயகம் எழுதிய தாளைக் கொடுங்கள், டீக்கடையில் ஒவ்வொருத்தன் மூஞ்சிக்கும் நேராகக் காட்டிவிட்டு வருகிறேன் என்றார்.

"அதை வீடு வாங்கினவங்ககிட்ட கொடுத்துட்டேன்" என்றார் அமலோற்பவம்.

இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்தார். நான்காக மடித்திருந்தது. பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தார். முதலில் எழுதிய தாள்.

"இதையா வச்சிருக்கீங்க?" என்றார் மருதையன். "இதுல உங்க தப்புதானே எழுதியிருக்கு."

"ஆமாண்ணே."

"ஊரே பார்க்கக் கொத்தினீங்க. உங்களுக்குக் கேவலமா இல்லையா?"

அமலோற்பவம் மடித்த தாளின் ஓரத்தை விரலால் நீவினார்.

"அண்ணே, நீங்கதானே அவரு பின்னாடியே சுத்துனீங்க. எத்தனை இடத்துல தட்டிப் பார்த்தாரு?"

"எண்ணவா முடியும்? ஒரு ஓடு விடல, ஒரு சுவரு விடல."

"தட்டிட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அமலோற்பவத்துக்குக் கண் கலங்கியது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். தாளைப் பையில் வைத்துச் சுருக்கை இழுத்துக் கட்டினார்.

"பதினெட்டு வருஷமா அதுக்குத்தான்ண்ணே காத்துக்கிட்டிருந்தேன். அந்த ஒரு மூலையை அவரு கண்டுபிடிக்காம விட்டிருந்தா, மத்ததுக்கெல்லாம் அவரு பேசாம இருந்ததை நான் எப்படி நம்புறது?"