மேகக்காட்டு ஓணானின் நிறம்

பொன்னுரங்கம் ஓர் ஓணானுக்குப் பெயர் வைக்க அவசரப்பட்டுக்கொண்டிருந்தார்.

லேசுப்பட்ட ஓணான் இல்லை அது. பழனிமலை உச்சியில், எந்நேரமும் மேகம் மூடிக் கிடக்கும் சோலைக்காட்டில் வாழ்வது. அதுவரை எந்தப் புத்தகத்திலும் ஏறாதது. யார் முதலில் கட்டுரை வெளியிடுகிறாரோ அவர் வைத்த பெயர்தான் நிற்கும். வேறொரு குழுவும் அதன் பின்னால் அலைகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியாராக இருந்தவர், ஐம்பதை நெருங்கும் வயதில் சம்பளமில்லா விடுப்பில் ஆராய்ச்சிக்கு வந்திருந்தார். அவருக்கு வழிகாட்டிய பேராசிரியை எஸ்தர் அவரைவிடப் பத்து வயது இளையவர். வீட்டில் மனைவி அமுதவல்லிதான் துணி தைத்துக் குடும்பத்தை ஓட்டினாள். ஓணானுக்கு அவள் பெயரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். "ஏன், ஒரு பூவுக்கு வைக்கக் கூடாதா?" என்று சலித்துக்கொண்டாலும், தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டாள்.

மலைமேல் கூடாரத்தில் எஸ்தர் அவர் எழுதியிருந்த கட்டுரையைப் படித்தார். செதில், வால், பல் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு வரியில் பேனா நின்றது.

"உயிரோட இருக்கறப்ப நிறம் கருப்புன்னு போட்டிருக்கீங்களே சார்?"

"ஆமா மேடம். பிடிச்சது எல்லாமே கருப்புத்தான். கையில வச்சுப் பார்த்தேன்."

"கையில வச்சா?"

"வேற எப்படிப் பார்க்கறது?"

எஸ்தர் அவர் ஓணான் பிடிக்கும் சுருக்குக் கயிற்றையும் துணிப்பையையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பாசி பிடித்த ஒரு மரக்கட்டையைக் காட்டினார்.

"உட்காருங்க."

"சீக்கிரம் அனுப்பலைன்னா அவங்க முந்திடுவாங்க மேடம்."

"தெரியும். உட்காருங்க."

பொன்னுரங்கத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் உட்கார்ந்தார். எதிரே காட்டுப்பூவரசு மரத்தில் ஓணான் எட்டிப் பார்த்தது, அவரைக் கண்டது, கருத்தது. மறுநாளும் அதே கதைதான். குளிரில் கால் மரத்துப்போனதுதான் மிச்சம். மனதுக்குள் எஸ்தரைத் திட்டித் தீர்த்தார். நாலைந்து நாளில் திட்டவும் அலுத்து, சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்று மேகம் விலகிக் கொஞ்சம் வெயில் விழுந்தது. ஓணான் அவரை மறந்துவிட்டது.

கருப்பு மெல்ல வடிந்தது. அடியிலிருந்து வெற்றிலைக் கொழுந்தின் பச்சை மேலேறி வந்தது. தொண்டையில் நீலம், உதட்டோரம் மஞ்சள். தன் மூக்கில் திரண்டிருந்த பனித்துளியைத் தானே நக்கிக் குடித்தது. இத்தனை நாள் எங்கேடா ஒளித்து வைத்திருந்தாய் என்று பொன்னுரங்கம் மனதுக்குள் கேட்டார். அவரை அறியாமல் கை எழுந்தது.

ஓணான் மறுபடியும் கருத்தது.

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மலையிறங்கினார்கள். பாதி வழியில் செல்போனுக்கு உயிர் வந்தது. அந்தக் குழுவின் கட்டுரை முந்தாநாளே வெளிவந்திருந்தது. பெயரும் வைத்தாகிவிட்டது. பொன்னுரங்கம் ரோட்டோரக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அமுதா மூஞ்சியில எப்படி மேடம் முழிப்பேன்?"

எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான்தான் உட்கார வச்சேன்னு சொல்லுங்க. நானே வந்தும் சொல்றேன்."

பொன்னுரங்கம் செல்போனில் அந்தக் குழுவின் கட்டுரையைத் திறந்து வாசித்தார்.

"நிறம்: உடல் முழுதும் கருமை."

சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

"இனிமே நான் எழுதறதுக்கு என்ன மேடம் இருக்கு?"

"நிறம் இருக்கே சார். பச்சைன்னு எழுதுங்க. கருப்புன்னும் எழுதுங்க. பக்கத்துலயே, அப்ப உங்க கை எங்க இருந்துச்சுன்னும் எழுதுங்க."