ஆடியில் காலியாகும் தெரு

கோணவாய்க்கால் தெருவில் குடியிருப்பவர்களின் வண்டி மட்டுமே நிற்க அனுமதி வேண்டும் என்று தெருவே கூடி மனு எழுதியது. ஆனால் கல்யாண மண்டபக்காரர் தில்லைநாயகத்துக்குப் பயந்து விசாரணைக்கு ஒருவரும் வரவில்லை. பிளவுஸ் தைக்கும் பூங்காவனம் மட்டும் போனாள். போன முகூர்த்தத்தன்று மண்டபத்துக்கு வந்த கார்கள் தெருவை அடைத்ததில், ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லாமல் அவள் புருஷன் பிழைப்பதே பெரும்பாடாகிவிட்டது.

நகராட்சி கமிஷனருக்குப் பக்கத்திலேயே தில்லைநாயகம் உட்கார்ந்திருந்தார். "அங்க நிக்கிறதெல்லாம் தெருக்காரங்க வண்டிதான். இல்லேன்னு இவ சொல்லட்டும் பார்ப்போம்" என்று அவளை முறைத்தார்.

பூங்காவனம் கமிஷனரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"ஐயா சொல்றது சரிதாங்க. ஆனா ஆடி பொறந்தா அத்தனை பேரும் காலி பண்ணிட்டுப் போயிடறாங்க. ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் திரும்பக் குடி வர்றாங்க."

கமிஷனர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தில்லைநாயகம் பக்கம் திரும்பினார். "எல்லாம் தெருக்காரங்க வண்டின்னா, இந்த அனுமதியால உங்களுக்கு என்ன நஷ்டம்?"

கேட்டுக்கொண்டே கமிஷனர் மனுவில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவளைத் தில்லைநாயகம் வழிமறித்தார். "உன் வீடு எதுன்னு எனக்குத் தெரியும்."

பூங்காவனம் ஓரடி பின்வாங்கினாள்.

"தெரியாம இருக்குமாங்க? இத்தனை வருஷமா உங்க கார் அந்த வாசலை அடைச்சுக்கிட்டுத்தானே நிக்குது."