தேசம்மாவின் கை

மலையடி மடத்துக்கு வருகிறவர்கள் முக்தி கேட்பார்கள், மன அமைதி கேட்பார்கள். தேசம்மா கேட்டது வேறு.

"சாமி, இந்தக் கையைக் கீழ எறக்க ஒரு வழி சொல்லுங்க."

அவளுடைய வலது கை வாயைப் பொத்தியிருந்தது. மடத்தின் தலைவர் அறவாழி அடிகளுக்கு அவள் சொன்னதில் பாதிதான் கேட்டது. அடிகள் இளைஞர்; அவளுடைய மகளின் வயதுதான் இருக்கும்.

தேசம்மா ஒரு நெல் ஆலையில் கொத்தடிமையாக இருந்து தப்பி வந்தவள். மகளும் மருமகனும் பேத்தியும் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள். அவள் கொடுத்த புகாரின்மேல் ஓர் அதிகாரி ஆலைக்கே வந்து விசாரித்தார். முதலாளி பக்கத்தில் நின்றார். தேசம்மா வாயைத் திறக்குமுன் கை மேலே போய்விட்டது. அவள் சொன்ன எதுவும் அதிகாரியின் காதில் ஏறவில்லை. தொழிலாளர்களுக்குக் குறை ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மறு விசாரணை. அன்றும் கேட்காமல் போனால் விஷயம் அதோடு முடிந்தது.

மடத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "கையில தண்ணிக் குடத்தைக் குடுங்க, எப்படி மேல போகுதுன்னு பாத்துடலாம்" என்றார் சமையல் குப்பண்ணன். கொடுத்தார்கள். "மொதலாளி வராரு!" என்று யாரோ விளையாட்டாகக் குரல் கொடுத்தார்கள். மண்குடம் தரையில் உடைந்து கிடந்தது. கை வாயில் இருந்தது.

"போச்சு, மடத்துக் குடம்" என்றார் குப்பண்ணன். யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அடிகள் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். தம் கையால் தம் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ பேசினார்.

"என்ன சாமி?"

மறுபடியும் அப்படியே பேசினார்.

"ஒண்ணும் வெளங்கல சாமி."

அவர் விடவில்லை. பொத்திக்கொண்டே பேசினார். தேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாயைப் பொத்திக்கிட்டா எப்படிக் கேக்கும்? எதுக்கு சாமி பொத்துறீங்க?"

அடிகள் கையை எடுத்தார். "இதை அந்த அதிகாரி உங்களைக் கேட்டாராம்மா?"

"இல்ல."

"நான் கேக்கிறேன். எதுக்கும்மா பொத்துறீங்க?"

அவள் கைக்குப் பின்னாலிருந்து சொன்னாள். அடிகள் நகர்ந்து பக்கத்தில் வந்து கேட்டார்.

"கல்யாணம் ஆனதும் அந்த ஆலைக்குள்ள போனேன். கேட்டுக்கு வெளிய பூட்டு. அவிச்ச நெல்லைக் களத்துல கொட்டி, ஆவி அடங்கறதுக்குள்ள காலால கிண்டணும். கால் வெந்துடுச்சுன்னு மொதலாளிகிட்ட சொல்லப் போனேன். என் மூச்சு அவர் மேல பட்டுச்சாம். நெல்லு தள்ளுற பலகையால வாயிலயே அடிச்சாரு. முன்பல்லு போச்சு. அவர் முன்னாடி எப்படி நிக்கணும்னு அப்புறமா மாமியார் சொல்லிக் குடுத்தாங்க. ஒரு நாள் என் வீட்டுக்காரருக்குக் கடும் ஜுரம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக உடுங்கன்னு கேட்டேன், இப்படிப் பொத்திக்கிட்டே. என்னடி முணுமுணுக்கறன்னு சிரிச்சிட்டுப் போயிட்டாரு. விடியறதுக்குள்ள என் வீட்டுக்காரர் உசுரு போயிடுச்சு. பொணத்துப் பக்கத்துல அழுதேன் சாமி. அப்பவும் கை இங்கதான் இருந்துச்சு."

அடிகள் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"கையை எறக்க வேணாம்மா. அப்படியே கூட்டிக்கிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை ஆலைக் களத்தில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இந்த முறை வந்தது ஒரு பெண் அதிகாரி. முதலாளி அவருக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அவர் வேண்டாம் என்றார்.

"சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார் தேசம்மாவிடம்.

கை மேலே போயிற்று. தேசம்மா அதோடு மல்லுக்கு நிற்கவில்லை.

"பாத்தீங்களா மேடம், சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் முதலாளி. "என்னடி தேசம்மா?"

அவள் முதலாளியைத் தாண்டிப் போனாள். தன் மூச்சு அதிகாரியின் முகத்தில் படுகிற அளவுக்குக் கிட்டப் போய் நின்றாள்.

"மேடம், நான் பேசினா கேக்காது. எதுக்குக் கையை இங்க வெச்சிருக்கேன்னு கேளுங்க. என்னைக் கேக்காதீங்க. அவங்களைக் கேளுங்க."

இடது கையை நீட்டிக் காட்டினாள். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் நின்ற அத்தனை பேர் கையும் வாயில் இருந்தது. கடைசியில் நின்ற தேசம்மாவின் பேத்தியும் பொத்தியிருந்தாள்.

அதிகாரி அந்தக் குழந்தைக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். "உன்னை யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்குக் கையை வெச்சிருக்க?"

குழந்தை பாட்டியைப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள்.

"பேசணும்னா இப்படித்தான வெக்கணும்?"

அதிகாரி எழுந்து முதலாளியிடம் கேட் சாவியைக் கேட்டார்.

வெளியே வந்த குடும்பங்களுக்கு வேறு இடம் கிடைக்கும்வரை மடத்தில் சோறு போட்டார்கள். ஒரு மத்தியானம் குப்பண்ணன் கரண்டியோடு வந்து அடிகளிடம் முறையிட்டார்.

"சாமி, தேசம்மா பேத்தி பசிக்குதுன்னு போடுற கூச்சல்ல எனக்குக் காது அடைச்சுப் போச்சு. பருப்பு தீஞ்சாச்சு."

"தீயட்டும்" என்றார் அடிகள்.

குப்பண்ணன் போனதும் தேசம்மா வந்து நின்றாள்.

"அவளுக்கு எறங்கிடுச்சு சாமி. எனக்கு எறங்கல."

"கேட்டுக்கு வெளிய பூட்டு போட்ட எடம் வேற ஏதாவது இருக்காம்மா?"

அவள் இடது கையால் ஆற்றுப் பக்கம் காட்டினாள்.

"ஆத்துக்கு அந்தாண்ட ஒரு செங்கல் சூளை இருக்கு. என் தங்கச்சி அங்கதான் இருக்கா."

"அப்ப கை இருக்கட்டும்மா. அங்கயும் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார் அடிகள்.